18446744073709551615: இந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: "சி பிளஸ் பிளஸில், ஒரு வாக்கியத்துக்குள் ஒரு சொல்லைத் தேடும் நிரல் எழுதினேன். சொல் கிடைக்காதபோது திரையில் 18446744073709551615 என்று வந்தது. அது 2⁶⁴ − 1 என்று நண்பன் சொன்னான். இது பகா எண்ணா? கணிதத்தில் இதற்கு ஏதாவது சிறப்பு உண்டா, இல்லை கணினியில் மட்டும் அடிபடும் ஒரு பெரிய எண்ணா?"

பகா எண் இல்லை. கடைசி இலக்கம் 5 என்பதால் 5-ஆல் வகுபடும். இருபது இலக்கங்களையும் கூட்டினால் 87 வரும், அதனால் 3-ஆலும் வகுபடும். முதல் கேள்வி இத்துடன் முடிந்தது.

இரண்டாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்த்தால் மிரட்டும் இந்த எண்ணை, பள்ளிக் கணிதம் மட்டும் தெரிந்த ஒருவர் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு கடைசிக் காரணி வரை பிரித்துவிடலாம். பிரித்துக்கொண்டே போனால் ஐந்து படிகள் வழுக்கிக்கொண்டு போகும், ஆறாவது படியில் கை நிற்கும். முந்நூறு வருடங்களுக்கு முன் பெரிய பெரிய கணிதர்கள் நின்ற அதே இடம் அது. அதனால்தான் இந்த எண் எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

முதலில் இது ஏன் உங்கள் திரைக்கு வந்தது என்று பார்த்துவிடலாம். தேடியது கிடைக்கவில்லை என்பதைக் குறிக்க அந்த மொழி −1 என்ற மதிப்பை வைத்திருக்கிறது. ஆனால் அந்த மதிப்பைத் தாங்கும் வகை, குறை எண்களை ஏற்காத வகை. பழைய பைக் மீட்டரில் எல்லாம் 0 ஆக இருக்கும்போது ஒன்று பின்னால் சுழற்றினால் எல்லா இடத்திலும் 9 வந்து நிற்கும் அல்லவா? அதேதான் இங்கேயும். கணினியின் மீட்டரில் இரண்டே இலக்கங்கள், 0-வும் 1-உம். இடங்கள் 64. ஒன்று பின்னால் போனால் 64 இடத்திலும் 1 வந்து நிற்கிறது. அந்த 64 ஒன்றுகளை நம் பதின்ம முறையில் எழுதினால் 18446744073709551615. நம் வழக்கப்படி வாசித்தால் 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615.

சரி, இப்போது பிரிக்கலாம்.

எட்டாம் வகுப்பில் படித்த இரு வர்க்கங்களின் வித்தியாசம் நினைவிருக்கும்: அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ). 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். 1 என்பது 1-இன் வர்க்கம். ஆகவே

2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1)

இதில் 2³² − 1 மறுபடி அதே வடிவம். அதையும் உடைத்தால் (2¹⁶ − 1)(2¹⁶ + 1). இப்படியே 2⁸, 2⁴, 2² என்று இறங்கி வந்தால் கடைசியில் மிஞ்சுவது 2 − 1, அதாவது வெறும் 1. வழியில் சேர்ந்தவை இவை:

(2 + 1)(2² + 1)(2⁴ + 1)(2⁸ + 1)(2¹⁶ + 1)(2³² + 1)

அதாவது 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297.

இருபது இலக்கம் ஒரே ஒரு வாய்பாட்டால் ஆறு துண்டாகிவிட்டது. 3, 5, 17 பகா எண்கள் என்று பார்த்ததுமே தெரியும். 257-க்கு 13 வரை வகுத்துப் பார்த்தால் போதும். 65537-க்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், 256-க்குக் கீழே உள்ள பகா எண்களையெல்லாம் சோதிக்க வேண்டும். அதுவும் பகா எண்தான். மீதி இருப்பது 4294967297 ஒன்றுதான். இதுவும் பகா எண்ணா?

பிரான்ஸில் வழக்கறிஞராக வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் கணிதம் செய்த பியர் டி ஃபெர்மா, 1640-இல் எழுதிய கடிதத்தில் இந்த வரிசை முழுவதும் பகா எண்களாகவே இருக்கும் என்று தான் நம்புவதாகச் சொன்னார். இருமடங்காகும் அடுக்குகளில் 2-ஐ ஏற்றி 1-ஐக் கூட்டினால் எப்போதும் பகா எண். நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் ஒத்துக்கொண்டார். இன்றும் அவர் பெயரால் இவற்றை ஃபெர்மா எண்கள் என்றே சொல்கிறோம். முதல் ஐந்தும் பகா எண்களாக இருக்கும்போது ஆறாவதும் அப்படித்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் யாரும் மறுக்கவில்லை. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதர், இந்தக் கூற்று தெரியுமா என்று இன்னொரு கணிதரான ஆய்லருக்கு எழுதினார். ஆய்லருக்கு அப்போது வயது 22. 1732-இல் ஆய்லரிடமிருந்து பதில் வந்துவிட்டது: 4294967297 பகா எண் இல்லை, 641-ஆல் வகுபடும்.

641 × 6700417 = 4294967297. பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

எப்படிக் கண்டுபிடித்தார்? கண்ணை மூடிக்கொண்டு 3, 7, 11 என்று வகுத்துக்கொண்டே போகவில்லை. பின்னால் எழுதிய கட்டுரையில் அவர் காட்டிய காரணம் இது. 4294967297-ஐ வகுக்கும் பகா எண் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணால் வகுத்தால் 2³² + 1-க்கு மீதி 0. அப்படியானால் 2³²-க்கு மீதி −1, அதாவது முழுதாக வகுபட ஒன்று குறைகிறது. வர்க்கம் எடுத்தால் 2⁶⁴-க்கு மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை வரிசையாக அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால், அவை ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப வரும். மீதி 1 வரும் இடத்தில் ஒரு சுற்று முடிகிறது. 64-ஆவது இடத்தில் 1 வருகிறது, ஆனால் 32-ஆவது இடத்தில் −1 இருக்கிறது. ஆகவே சுற்றின் நீளம் 64-ஐ வகுக்க வேண்டும், 32-ஐ வகுக்கக் கூடாது, அதாவது அது சரியாக 64. ஒரு பகா எண்ணை விட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ ஏற்றினால் மீதி எப்போதும் 1 என்பது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். அப்படியானால் அந்த இடத்திலும் ஒரு சுற்று முடிய வேண்டும். அதாவது பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவது 64-இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும்.

இனிமேல் தேடல் சுருங்கிவிடுகிறது. 64-இன் மடங்கோடு 1 கூட்டினால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. 257 வேறொரு ஃபெர்மா எண், அது இங்கே வகுக்காது (ஏன் என்று கீழே சொல்கிறேன்). ஆகவே 193, 449, 577 மூன்றும் தோற்றுப் போன பிறகு நான்காவது வகுத்தலிலேயே விடை கிடைத்துவிடுகிறது!

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் வரும். அந்தச் சிறிய தேற்றத்தை ஃபெர்மா எழுதி அனுப்பியதும் அதே 1640-ஆம் வருடம்தான். பூட்டும் சாவியும் ஒரே மேஜையில் இருந்திருக்கின்றன. நான்கு வகுத்தல் செய்திருந்தால் போதும்.

641 வகுக்கும் என்பதை வகுத்தலே செய்யாமல் காட்டவும் ஒரு வழி உண்டு. யாருக்காவது எண் கோட்பாட்டின் மேல் ஆசை வர வேண்டும் என்றால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1, அதாவது 640 + 1. இன்னொன்று 5⁴ + 2⁴, அதாவது 625 + 16. முதல் வடிவத்தின்படி 641-ஆல் வகுத்தால் 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-உம் −2⁴-உம் ஒரே மீதி தருபவை. மாற்றி வைத்தால் −2⁴ × 2²⁸, அதாவது −2³²-க்கு மீதி 1. இரண்டையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் 2³² + 1-க்கு மீதி 0. முடிந்தது.

அடுத்து 6700417. இது பகா எண் என்று எப்படித் தெரியும்? இதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றுத் தாண்டும், அதுவரை உள்ள பகா எண்களைச் சோதிக்க வேண்டும். ஆனால் 6700417-ஐ வகுக்கும் எதுவும் 4294967297-ஐயும் வகுக்குமே, அதனால் மேலே சொன்ன கட்டுப்பாடு இதற்கும் உண்டு. 1878-இல் பிரெஞ்சுக் கணிதர் எடுவார் லூக்கா அந்தக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கினார்: 64-இன் மடங்கு போதாது, 128-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும். 2588-க்குள் அந்த வடிவத்தில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257-ஐ விட்டுவிடலாம். 641-ஆல் வகுத்தால் மீதி 44. 769-ஆல் 120. 1153-ஆல் 334. 1409-ஆல் 622. எதுவும் வகுக்கவில்லை, ஆகவே 6700417 பகா எண். இந்த நான்கு வகுத்தலையும் நீங்களே ஒரு முறை கையால் செய்யுங்கள். ஏழு இலக்க எண் ஒன்று பகா எண் என்பதை யாரையும் நம்பாமல் நானே உறுதி செய்தேன் என்கிற உணர்வு தனி.

ஆக முழுப் பிரிப்பு:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஏழில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் வகுத்திகள் மொத்தம் 2⁷, அதாவது 128.

257 ஏன் வகுக்காது என்றேனே, அதற்கு வருகிறேன். 3 + 2 = 5. 3 × 5 + 2 = 17. 3 × 5 × 17 + 2 = 257. அதுவரை வந்த ஃபெர்மா எண்களையெல்லாம் பெருக்கி 2 கூட்டினால் அடுத்த ஃபெர்மா எண். இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுவாக ஒரு பகாக் காரணி இருந்தால் அது 2-ஐயும் வகுத்தாக வேண்டும். எல்லாமே ஒற்றைப்படை எண்கள், எனவே அது நடக்காது. இந்தக் கவனிப்பும் கோல்ட்பாக்குடையதுதான். இதிலிருந்தே பகா எண்கள் முடிவில்லாதவை என்றும் வந்துவிடுகிறது: ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் புதிதாக ஒரு பகா எண்ணையாவது கொண்டுவருகிறதே.

நம் எண்ணோடு 2-ஐக் கூட்டினால் அதே வரிசையின் அடுத்த எண், 2⁶⁴ + 1. 18446744073709551617. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், குணம் தலைகீழ். அதை உடைக்க வாய்பாடு எதுவும் உதவாது. அதன் காரணிகள் 274177-உம் 67280421310721-உம். 1855-இல் தாமஸ் கிளவுசன் அதைக் கண்டுபிடித்து, ஜெர்மானியக் கணிதர் காஸுக்கு எழுதினார், கடிதம் வெளியே தெரியவில்லை. 1880-இல் ஃபோர்ட்யூனே லான்ட்ரி தன் 82-ஆவது வயதில் தனியாகவே கண்டுபிடித்தார். ஒரு எண் பெரியதா சிறியதா என்பதைப் பார்த்து அதைப் பிரிப்பது கடினமா எளிதா என்று சொல்ல முடியாது. அந்த எண் எந்த வடிவத்தில் பிறந்தது என்பதுதான் கணக்கு.

இதே வரிசையில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் உண்டு. ஓர் எண்ணுக்குள் அடங்கியவற்றில், அதோடு பொதுக் காரணி எதுவும் இல்லாத எண்கள் எத்தனை என்று எண்ணும் பழக்கம் எண் கோட்பாட்டில் உண்டு. 3-க்கு 2. 15-க்கு 8. 255-க்கு 128. 65535-க்கு 32768. 4294967295-க்கு 2147483648. ஒவ்வொன்றிலும் விடை, எண்ணோடு 1 கூட்டி அதில் சரிபாதி. இதே ஒழுங்கு தொடர்ந்தால் நம் எண்ணுக்கு 2⁶³ வர வேண்டும், அதாவது 9223372036854775808. வருவது 9208981628670443520. குறைவுக்குக் காரணம் 641. ஃபெர்மா நினைத்தது போல 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் ஒழுங்கு இங்கேயும் தொடர்ந்திருக்கும். ஒரு தவறான ஊகம் எங்கே உடைந்தது என்பதை இந்த எண்ணிக்கை அப்படியே காட்டிக்கொடுக்கிறது.

இதெல்லாம் எண்களோடு நின்றுவிடும் விஷயமா என்றால், இல்லை. 1796 மார்ச் 30 அன்று, 19 வயது நிறைய ஒரு மாதம் இருந்த காஸ் தன் குறிப்பேட்டில் ஒரு கண்டுபிடிப்பை எழுதினார்: அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து ஒழுங்கான 17 பக்க உருவத்தை வரையலாம். கிரேக்கர்கள் முக்கோணம், ஐங்கோணம், பதினைங்கோணம் வரை வரைந்திருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டாயிரம் வருடம் யாரும் புதிதாக ஒன்றைச் சேர்க்கவில்லை. காஸ் விடைக்கு ஒரு பொது விதியும் தந்தார், அதன் மறுபாதியை 1837-இல் வான்ட்செல் நிரூபித்தார்: பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருந்தால் மட்டுமே வரைய முடியும். இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஐந்துதான். 4294967297-இல் தொடங்கி வரிசையில் அடுத்தடுத்த 28 எண்கள் பகு எண்கள் என்று உறுதியாகிவிட்டது. அந்த ஐந்தின் பெருக்கம் 4294967295, அதாவது நம் எண்ணின் முதல் துண்டான 2³² − 1. அதற்கு 32 வகுத்திகள், 1-ஐ விட்டால் 31. ஆகவே வரையக்கூடியதாக இன்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பக்க உருவங்கள் மொத்தம் 31. அத்தனையும் உங்கள் திரையில் வந்த எண்ணின் வகுத்திகள். 641 பக்க உருவத்தை மட்டும் எத்தனை வருடம் முயன்றாலும் அளவுகோலாலும் கவராயத்தாலும் வரைய முடியாது. ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் 65537 பக்க உருவத்துக்கான வழிமுறையை எழுதி முடிக்கவே பத்து வருடம் எடுத்துக்கொண்டார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

அந்த 32 வகுத்திகளையும் வரிசையாகப் பார்க்க ஆசையா? பாஸ்கல் முக்கோணத்தைப் போடுங்கள்: உச்சியில் 1, ஒவ்வொரு வரியின் இரு ஓரத்திலும் 1, நடுவில் உள்ள ஒவ்வோர் எண்ணும் அதற்கு மேலே உள்ள இரண்டின் கூட்டல். பிங்கலரின் யாப்பு நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் பத்தாம் நூற்றாண்டில் மேரு பிரஸ்தாரம் என்று விளக்கியதும் இதே முக்கோணம்தான். அதில் ஒற்றைப்படை எண் உள்ள இடத்தில் 1, இரட்டைப்படை உள்ள இடத்தில் 0 என்று மாற்றிவிட்டு, ஒவ்வொரு வரியையும் இருமை எண்ணாக வாசியுங்கள். 1. அப்புறம் 11, அதாவது 3. அப்புறம் 101, அது 5. பிறகு 1111 என்பது 15, 10001 என்பது 17, தொடர்ந்து 51, 85, 255, 257. முதல் 32 வரிகள், 4294967295-இன் 32 வகுத்திகளை ஏறுவரிசையில் ஒன்றுவிடாமல் தருகின்றன. அறுபத்து நான்காவது வரிக்குப் போனால் அதில் உள்ள 64 எண்களும் ஒற்றைப்படை. அந்த வரியை இருமை எண்ணாக வாசித்தால் 18446744073709551615.

நீங்கள் நிரல் எழுதுபவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். பதின்ம முறையில் 1/37 = 0.027027027... என்று மூன்று இலக்கம் சுழன்று வருவதற்குக் காரணம், 999 என்ற எண்ணை 37 வகுக்கிறது என்பது. 99-ஐ 11 வகுப்பதால் 1/11-க்குச் சுழற்சி 2. பதின்ம முறையில் 9-களுக்கு உள்ள இந்த வேலை, இருமை முறையில் 1-களுக்கு. ஆகவே 64 ஒன்றுகளை வகுக்கும் எண்ணுக்கெல்லாம், இருமை முறையில் தலைகீழ்ப் பின்னம் 64 இலக்கத்துக்குள் சுழன்று வந்துவிடும். 1/3 என்பது 01 01 01. 1/5 என்பது 0011 0011. 1/17-க்கு நான்கு 0, நான்கு 1. 1/257-க்கு எட்டு 0, எட்டு 1. 1/65537-க்குப் பதினாறு பதினாறு. சரியாக 64 நீளச் சுழற்சி உள்ள பகா எண்கள் உலகத்திலேயே இரண்டுதான்: 641, 6700417. அவற்றின் சுழற்சியில் முதல் 32 இலக்கங்களைத் திருப்பிப் போட்டால், அதாவது 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றினால், அடுத்த 32 கிடைக்கும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் கணினி 0.30000000000000004 என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணமும் இந்தக் குடும்பத்துக்குள்ளேதான் இருக்கிறது. 1/5-இன் அந்த முடியாத 0011 சுழற்சியை எங்காவது வெட்டித்தானே சேமிக்க முடியும்.

வேறு சில குணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது முழு வர்க்கம் இல்லை. 8-ஆல் வகுத்தால் மீதி 7 என்பதால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவோ மூன்று வர்க்கங்களின் கூட்டலாகவோகூட எழுத முடியாது. வர்க்கங்களை 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 மட்டுமே வரும், அவற்றில் எந்த மூன்றைக் கூட்டினாலும் 7 வராது. நான்கு வர்க்கங்கள் கட்டாயம் தேவை, எந்த எண்ணுக்கும் நான்கு போதும் என்பது லக்ராஞ்சின் தேற்றம்.

இது முக்கோண எண்ணா? 1, 3, 6, 10, 15 என்று 1-இலிருந்து வரிசையாகக் கூட்டி வரும் எண்களைச் சொல்கிறேன். 2-இன் அடுக்கை விட ஒன்று குறைந்த எண்களில் 1, 3, 15 மூன்றும் முக்கோண எண்கள். 4095-உம் அப்படித்தான், 1 முதல் 90 வரை கூட்டினால் வரும். நம் எண்? இந்தக் கேள்விக்கான விடை ராமானுஜன் போட்ட ஒரு கணக்கில் போய் நிற்கிறது. முக்கோண எண்ணை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் எப்போதும் ஒரு முழு வர்க்கம். நம் எண்ணை அப்படிச் செய்தால் 2⁶⁷ − 7. இது வர்க்கமா என்பதே கேள்வி. இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 1913-இல் ராமானுஜன் ஒரு புதிர் வெளியிட்டார்: 2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால், அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது முழு வர்க்கம் வருகிறது, வேறு அடுக்கு உண்டா? 8 − 7 = 1, 16 − 7 = 9, 32 − 7 = 25, 128 − 7 = 121, 32768 − 7 = 32761, அது 181-இன் வர்க்கம். வேறு கிடையாது என்று நார்வேயின் நாகெல் 1948-இல் நிரூபித்தார். 67 அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே நம் எண் முக்கோண எண் இல்லை. ஐந்து சின்ன எண்களைப் பார்த்து இதற்கு மேல் இல்லை என்று உணர்ந்தவரின் கணிப்பு சரியென்று நிறுவ 35 வருடம் ஆகியிருக்கிறது.

கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே இந்த எண்ணை மனிதர்கள் எழுதிவிட்டார்கள். சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு நான்கு என்று 64 கட்டத்துக்கும் கேட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மொத்தத் தானியங்கள் இதே எண். கி.பி. 1000-ஐ ஒட்டி அல்-பிரூனி தன் காலக்கணக்கு நூலில் இதைச் சரியாகக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். கேரளத்தின் அம்பலப்புழையில் இதே கதையைக் கிருஷ்ணன் கோயில் பால்பாயசத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். கிராமுக்கு 50 அரிசி என்று வைத்தால் எடை சுமார் 36,900 கோடி டன் வரும். இன்று உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் விளையும் அரிசி சுமார் 50 கோடி டன். ஏறக்குறைய எழுநூறு வருட விளைச்சல்.

மேலே வந்த அதே எடுவார் லூக்கா, 1883-இல் ஹனோய் கோபுரம் என்ற விளையாட்டை வெளியிட்டார். காசியில் ஒரு கோயிலில் 64 தங்கத் தட்டுகளை ஊசியிலிருந்து ஊசிக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அதனுடன் வந்த கற்பனைக் கதை. ஒரு நேரத்தில் ஒரு தட்டு, சின்னதன் மேல் பெரியது வைக்கக் கூடாது. குறைந்தபட்ச நகர்த்தல்கள் 2⁶⁴ − 1. நொடிக்கு ஒன்று என்றாலும் 58,000 கோடி வருடத்துக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி வருடம்தான்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மேலே சொன்னதைச் சரிபார்க்க எக்செல்லையோ சாதாரண கால்குலேட்டரையோ எடுக்காதீர்கள். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவு வைப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் இந்த எண்ணைக் கொடுத்தால் 18446744073709552000 என்று காட்டும், உள்ளே வைத்திருப்பது 2⁶⁴. ஒன்றே ஒன்றுதான் கூடியிருக்கிறது, ஆனால் ஏழு பகாக் காரணிகளும் போய் 2 மட்டும் மிஞ்சிவிட்டது. பைத்தான் எத்தனை இலக்கமானாலும் முழுதாக வைத்திருக்கும், அதில் செய்யுங்கள். லினக்ஸ் இருந்தால் இன்னும் சுலபம். அதில் ஃபேக்டர் என்ற கட்டளை உண்டு. கட்டளையை அடித்து, பக்கத்தில் இந்த எண்ணைக் கொடுத்தால், கண் இமைப்பதற்குள் ஏழு பகா எண்களும் சின்னதிலிருந்து பெரியதாக ஒரே வரியில் வரும். அந்த வரியில் 257-க்கும் 65537-க்கும் நடுவே 641 உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.